நோயாளியின் நலன் கருதி நிறுத்தப்பட்ட விசில்

அனுப்புநர்:
தொலைபேசிப் புகார் எழுத்தர், குடிநீர் வழங்கல் அலுவலகம்
(நோய்த்தொற்றுக் காலம் முடியும் வரை தன் வீட்டுக் கூடத்தில் பணி),
இரண்டாம் மாடி, இடப்பக்க வீடு.

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: மூன்றாம் மாடி உடற்கல்வி ஆசிரியர் மீது நான் கொடுத்த புகாரை நானே திரும்பப் பெறுவது – அவர் மீண்டும் விசில் ஊதவும் குதிக்கவும் உத்தரவிடக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. ஊரடங்கின் தொண்ணூறாம் நாள் நான் அனுப்பிய புகார் மனு.
2. தொண்ணூற்றொன்பதாம் நாள் தாங்கள் பிறப்பித்த உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை ஒன்றில் கண்ட புகாரை எழுதியவள் நான்தான். அதன் மீது ஒன்பதே நாளில் நடவடிக்கை எடுத்தமைக்கு முதற்கண் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். பதினெட்டு வருடமாகப் புகார் வாங்கும் வேலையில் இருக்கிறேன். ஒன்பது நாளில் தீர்ந்த புகார் என்று ஒன்றை இதுவரை கண்ணால் கண்டதில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு குழாய்க் கசிவு மனு, மூன்று பொறியாளர்கள் ஓய்வு பெற்றுப் போனதைப் பார்த்துவிட்டு இன்னும் அதே அலமாரியில் இருக்கிறது. தங்கள் அலுவலகமும் அப்படித்தான் இருக்கும், என் கோபம் ஆறும்வரை ஒன்றும் நடக்காது என்ற தைரியத்தில் அந்த மனுவைக் கொஞ்சம் தாராளமாகவே எழுதிவிட்டேன். தாங்கள் இவ்வளவு சுறுசுறுப்பானவர் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

2. எங்கள் வீடு ஒரு கூடமும் இரண்டு அறையும் கொண்டது. என் கணவருக்கு மருந்துக் கிடங்கில் வேலை. அதை வீட்டுக்கு எடுத்துவர முடியாது என்பதால் காலையில் போய் இருட்டும் நேரத்தில் வருகிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கைபேசியில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் என் மாமனாரின் கட்டிலை ஒட்டிய ஜன்னல். ஆகவே அவருடைய அறையே அவளுடைய பள்ளிக்கூடம். எனக்குக் கூடத்து மேசை. காலை எட்டு மணிக்குக் காதில் கருவியை மாட்டினால், மாலை நான்கு வரை ஊரில் உள்ள குழாய்கள் எல்லாம் என்னிடம்தான் வந்து அழும்.

என் மேசைக்கு நேர் மேலே பி.டி. மாஸ்டரின் கூடம். பள்ளி மூடிவிட்டதால் அவருக்கு மைதானமும் இல்லை. கைபேசியை ஸ்டூல் மேல் சாய்த்து வைத்து, காலை எட்டு பத்துக்கு நாற்பது பிள்ளைகளுக்கு விசில் ஊதி, எண் சொல்லி, தானும் கூடவே குதித்து வகுப்பு எடுத்துவந்தார். தண்ணீர் வரவில்லை என்று ஊரே போன் செய்யும் நேரமும் அந்த எட்டு பத்துதான்.

3. நான் பட்ட பாட்டை முதல் மனுவில் விரிவாக எழுதியிருந்தேன். அதில் பொய் இல்லை. முதல் விசிலுக்கே ஓர் அம்மா, "ஏங்க, ஆபீஸ்ல வேலை பாக்கறீங்களா, கிரவுண்டுல விளையாடறீங்களா?" என்று கேட்டார். இன்னொருவர் என்னைத் திட்டத் தொடங்கி, விசில் சத்தம் கேட்டதும் போலீஸ் என்று நினைத்து மரியாதையாக போனை வைத்துவிட்டார். காணொளிக் கூட்டத்தின் நடுவில் மேலேயிருந்து "அட்டென்ஷன்" என்ற குரல் வந்தபோது எங்கள் உயரதிகாரி நாற்காலியில் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்ததை நாங்கள் பதினோரு பேரும் பார்த்தோம். நாங்கள் பார்த்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. என் தேநீரில் கூரைச் சுண்ணாம்பு இரண்டு முறை விழுந்தது.

4. ஆனால் அதே மனுவில் கீழ்க்கண்ட திருத்தங்களைச் செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அ) "கட்டடமே ஆட்டம் காண்கிறது" என்று எழுதியிருந்தேன். ஆடியது மின்விசிறி மட்டும். அது முன்பிருந்தே ஆடும்.

ஆ) "நாள் முழுவதும் இடைவிடாமல்" என்று எழுதியிருந்தேன். நாற்பது நிமிடம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

இ) வகுப்பால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்றும் எழுதியிருந்தேன். ஒரு நாள் பெரியவர் ஒருவர், வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து "இடது பக்கம் திரும்பு" என்று சத்தம் வந்தது. அதை அலுவலகத்தின் ஆலோசனை என்று எடுத்துக்கொண்டு, தொட்டியடி வால்வை இடது பக்கம் திருப்பியிருக்கிறார். தண்ணீர் வந்துவிட்டது. என்னை வாயார வாழ்த்தினார். அந்த வாழ்த்தை நான் வைத்துக்கொண்டேன், மனுவில் சொல்லவில்லை.

ஈ) மனுவுக்கு வலுச் சேர்க்க வேண்டும் என்பதற்காக, "வீட்டில் பக்கவாத நோயாளி ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார், அவருடைய ஓய்வு கெடுகிறது" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அது என் மாமனாரைப் பற்றியது. அவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மனுவே.

5. "நோயாளியின் நலன் கருதி, மேற்படி ஆசிரியர் விசில் ஊதுவதையும் குதிப்பதையும் மறு உத்தரவு வரும்வரை தவிர்க்க வேண்டும்" என்று தாங்கள் உத்தரவிட்டீர்கள். மாஸ்டர் அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிவருகிறார். வீட்டுக்குள் காலுறை போட்டு நடக்கிறார். எட்டு பத்துக்குக் கைப்பந்து மைதானத்தின் நீள அகலத்தைப் புத்தகம் பார்த்துத் தாழ்ந்த குரலில் வாசிக்கிறார். நாற்பது பிள்ளைகளில் முப்பத்தெட்டுப் பேர் காமிராவை அணைத்துவிட்டார்கள் என்று கேள்வி. மீதி இரண்டு பேருக்கு அதை அணைக்கத் தெரியாதாம்.

அவருக்கு நேர் கீழே இருப்பது எங்கள் வீடு ஒன்றுதான். புகார் கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்க அவருக்குப் பெரிய விசாரணை தேவைப்பட்டிருக்காது. நாலு நாள் கழித்து மாடிப்படியில் எதிரே வந்தவர், இடைவெளி விட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து, "இப்ப சத்தம் பரவாயில்லையா மேடம்? அப்பா கொஞ்சம் தூங்கறாங்களா?" என்று கேட்டார். சண்டை போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். பதினெட்டு வருடப் பழக்கம். இதற்குத் தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிட்டேன்.

6. என் மாமனார் முப்பத்து நான்கு வருடம் ரயில்வே கார்டாக இருந்தவர். வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்று அவர் பச்சைக் கொடி காட்டினால்தான் ஓட்டுநர் வண்டியை எடுப்பார். ஊரடங்குக்கு ஐந்து வாரம் முன்பு அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. பயிற்சி கொடுக்க வந்த பெண் மருத்துவர் மூன்று முறைதான் வர முடிந்தது. பிறகு காணொளியில் சொல்லிக் கொடுத்தார். மாமனார் திரையைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு அங்க உக்காந்துக்கிட்டு என் கையை எப்படித் தூக்கும்?" என்று கண்ணை மூடிக்கொண்டார். என் கணவர் கெஞ்சினார். நான் திட்டினேன். யார் பேச்சையும் அவர் கேட்கவில்லை. அந்தக் கையை நாங்கள் இருவரும் மனதுக்குள் கைகழுவிவிட்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

7. உத்தரவு வந்து ஒரு வாரம் கழித்து, எட்டு பத்துக்கு அவருடைய அறைக்குள் மருந்து கொடுக்கப் போனேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேல இருக்கிற ஸ்டேஷன் மாஸ்டர் லீவாம்மா? ஒரு வாரமா வண்டி கிளம்பலையே" என்றார். என்ன வண்டி என்று நான் கேட்டதற்கு என் மகள் கட்டிலை ஒட்டிய சுவரைக் காட்டினாள்.

சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. முதல் கோடு மெத்தையின் மட்டத்தில். அடுத்தடுத்த கோடுகள் கட்டில் சட்டத்தைத் தாண்டி, ஜன்னல் விளிம்பைத் தாண்டி ஏறியிருந்தன. கடைசிக் கோடு விளக்கு சுவிட்சுக்கு ஒரு சாண் கீழே. அதன் தேதி தங்கள் உத்தரவுக்கு முந்தின நாள். அதற்கு மேல் கோடு இல்லை.

மேலே விசில் ஊதியதும் இவர் இங்கே கொடி காட்டியிருக்கிறார். ஒரு மாதத்துக்கு மேலாகத் தினமும் நாற்பது நிமிடம், மாஸ்டர் சொல்லும் எண்ணுக்கு எண், வலது கையைத் தூக்கியிருக்கிறார். கை எட்டிய உயரத்தை மகள் கோடு போட்டு வைத்திருக்கிறாள். கொடிக்கு என் பச்சைத் தலையணை உறை. அந்த உறையை அவர் உருவி உருவிப் போடுகிறார் என்று நான் தினமும் கத்தியிருக்கிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மகளைக் கேட்டேன். "சொன்னா நீ உறையைத் தோய்க்கப் போட்டுடுவே. தாத்தாவும் சொல்லக் கூடாதுன்னாங்க. கை சுவிட்சைத் தொட்டதும் தானே லைட்டைப் போட்டு உன்னைப் பயமுறுத்தணுமாம்" என்றாள். இப்போது விளக்குப் போட வேண்டுமென்றால் அவர் எங்கள் யாரையாவது கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதிகம் கூப்பிட மாட்டார்; இருட்டிலேயே இருந்துவிடுவார்.

புகார் கொடுத்தது நான்தான் என்று அன்றைக்கே அவரிடம் சொன்னேன். அதில் அவருடைய நோயைக் காரணம் காட்டியதையும் சொன்னேன். என்னை எப்போதும் "கம்ப்ளைன்ட் ஆபீஸ்" என்று கூப்பிட்டுக் கேலி செய்கிறவர், அன்று கேலி செய்யவில்லை. "ஓடிக்கிட்டிருந்த வண்டியை நிறுத்திட்டியேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐயா, எனக்கு மிகவும் வலித்தது.

8. தங்களைத் தொந்தரவு செய்யாமல் நானே இதைச் சரிக்கட்ட முயன்றேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு விசில் வாங்கி வந்து நானே ஊதினேன். "இது டிராபிக் போலீஸ் விசில், இதுக்கு வண்டி நிக்கும், கிளம்பாது" என்றார். மகள் கைபேசியில் ஒரு விசில் சத்தத்தைத் தேடிப் போட்டாள். பதிவு செய்த விசிலுக்குக் கொடி காட்டினால் விபத்து நடக்கும் என்றார். கடைசியில் மூன்றாம் மாடிக்கே போய், கதவுக்கு வெளியே நின்று, மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டு, நாளையிலிருந்து ஊதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் முழுவதையும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்த் தங்கள் உத்தரவை எடுத்து வந்து காட்டினார். "மறு உத்தரவு வரும்வரைன்னு இருக்கே மேடம். வந்த அன்னைக்கே ஊதிடறேன்" என்றார். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தே பழகியவர். தானும் வரிசை தாண்ட மாட்டார்.

9. கை திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் வர வேண்டும், நடுவில் விட்டால் இறுகிவிடும் என்று பயிற்சி மருத்துவர் நேற்றும் சொன்னார். அந்த ஆறு மாதத்தில் மீதமிருப்பது முப்பத்திரண்டு நாள். தங்கள் அலுவலகம் சாதாரண அலுவலகமாக இருந்தால் இந்த மனுவை எழுதவே மாட்டேன். ஒன்பது நாளில் முடித்துக் காட்டியவர்கள் நீங்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

10. ஆகவே,

பார்வை இரண்டில் கண்ட உத்தரவை உடனே ரத்து செய்து, மாஸ்டர் காலை எட்டு பத்துக்குத் தவறாமல் விசில் ஊத வேண்டும் என்றும், காலுறையைக் கழற்றிவிட்டு முன்போலவே குதிக்க வேண்டும் என்றும் ஆணையிட வேண்டுகிறேன். சுண்ணாம்பு விழுவதைப் பற்றி இனி என் தரப்பிலிருந்து ஆட்சேபணை வராது. குவளைக்கு மூடி போட்டுக்கொண்டேன். மேசையையும் வாசல் பக்கம் நகர்த்திவிட்டேன்.

முடியுமானால், ஏழாவது எண்ணுக்கும் எட்டாவது எண்ணுக்கும் நடுவில் மாஸ்டர் ஒரு மூச்சு நேரம் நிறுத்தும்படி உத்தரவில் ஒரு வரி சேர்த்தால் நன்றி உடையவளாவேன். ஏழில்தான் கை கொஞ்சம் நடுங்கும் என்று மகள் சொல்கிறாள். "கொடி தோளுக்கு மேல போகணும், இல்லைன்னா டிரைவருக்குத் தெரியாது" என்பது மாமனாரின் விதி. அந்த விதியை மாற்றத் தங்களுக்கும் எனக்கும் அதிகாரம் இல்லை.

உத்தரவில் "நோயாளியின் நலன் கருதி" என்ற சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இந்த முறை அது உண்மையாக இருக்கும்.

எட்டு பத்துக்குக் கூரையைப் பார்த்தபடி காத்திருக்கும்,

(ஒப்பம்)
முதல் மனுதாரர், புகார் எழுத்தர்

(ஒப்பம்)
இரண்டாம் மனுதாரர், ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு

இடம்: இரண்டாம் மாடி, மாமனாரின் கட்டிலோரம்
நாள்: ஊரடங்கின் நூற்றுப் பதின்மூன்றாம் நாள்

குறிப்பு: இரண்டாம் மனுதாரர் இடது கையால் ஒப்பமிட மறுத்துவிட்டார். அவருடைய ஒப்பத்துக்கு உரிய இடத்தில் தெரியும் கோடு பேனா சறுக்கி விழுந்ததல்ல; அது வலது கை ஒப்பம். பழைய ஒப்பத்தோடு பொருந்தவில்லை என்று காரணம் காட்டி மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அப்படித் திருப்பி அனுப்பும் வேலையை நானும் செய்திருக்கிறேன் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

இணைப்பு: என் மகளின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். விசில் இருந்த கடைசி நாளில், வகுப்பு முடிந்ததும் அவள் பேனாவைக் கொடுக்க, அதே வலது கையால் அவர் போட்ட கையெழுத்து. அதில் முதல் இரண்டு எழுத்துகளைப் படிக்க முடிகிறது. அதையும் இந்த மனுவில் உள்ள கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.