பொட்டல் பாதைக்கு இரண்டு விளக்கு

செப்டம்பர் 6, செவ்வாய்

இன்று முதல் நான்தான் ஓட்டுகிறேன். இதுவரை அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போன மைக் அண்ணன் வேலை தேடி ஆல்பர்ட்டாவுக்குப் போய்விட்டான். வீட்டில் மிச்சம் இருப்பது அப்பாவும் நானும் இந்த ஸ்டேஷன் வேகனும். கார் என்னைவிட ஐந்து வயது மூத்தது.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். எங்கள் ஊர் இருக்கும் கடற்குடாவை விட்டு மேலே ஏறியதும் பொட்டல் முழுக்க மூடுபனி. ஆஸ்பத்திரி வரை ஒரு மரம்கூட இல்லாத எண்பது கிலோமீட்டர். அதில் நான் பார்த்தது காரின் மூக்கை மட்டும். முப்பதிலேயே ஊர்ந்தேன். ஏழு மணி டயாலிசிஸ் நாற்காலிக்கு ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நர்ஸ் திட்டவில்லை. “லேட்டா வந்தா மெஷின் நேரத்தைத்தான் குறைக்கணும் தங்கம். அடுத்த ஆள் காத்துக்கிட்டிருக்கார்” என்றாள். முக்கால் மணி நேரத்து அழுக்கு அப்பாவின் ரத்தத்திலேயே தங்கிவிட்டது. என்னால்.

மாலையில் செயின்ட் ஜான்ஸ் நகரத்திலிருந்து லொரெட்டா அக்காவின் போன். “அப்பாவுக்கு இங்க ரூம் ரெடியா இருக்கு. ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். அந்தக் குழந்தையை நம்பி உயிரைக் கொடுக்கணுமா?”

அப்பா போனை வைத்தார். பிறகு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தபடி, “அங்க கொண்டுபோனா நான் ஒரு மாசம் தாங்க மாட்டேன்” என்றார். என்னிடம் சொன்னாரா, கடலிடம் சொன்னாரா?

செப்டம்பர் 8, வியாழன்

பனி இல்லை. ஆனால் இருட்டு. மூஸ் மான் சாலையின் நடுவில் நின்றதை நான் பார்க்கவே இல்லை. கறுப்பின் மேல் கறுப்பு. அப்பா கத்தினார், பிரேக்கை மிதித்தேன், கார் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் நின்றது. குதிரையைவிட உயரம். எங்களைப் பார்த்துவிட்டு, ஏதோ நாங்கள்தான் வழி தவறி வந்தவர்கள் போல, மெதுவாக நடந்து போனது. இடித்திருந்தால் காலை ஒடித்துக்கொண்டு அந்த உடம்பு முழுவதும் கண்ணாடி வழியாக எங்கள் மடியில் விழுந்திருக்கும். இந்தக் கரையில் அப்படிச் செத்தவர்களை எல்லாருக்கும் தெரியும்.

அப்பா டயாலிசிஸ் ஊசி போடும் கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். “உங்க அக்காகிட்ட சொல்லாதே.”

செப்டம்பர் 9

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஊரில் தும்மினால் செயின்ட் ஜான்ஸில் கைக்குட்டை எடுப்பார்கள்.

“அடுத்த மாசம் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வரேன். நானே பாக்கறேன். எனக்குத் திருப்தி இல்லன்னா அன்னைக்கே அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன். கேக்குதா யூனா? ஏதாவது பேசேன்.”

“ம்” என்றேன்.

செப்டம்பர் 11, ஞாயிறு

ஹெட்லைட் கண்ணாடி பழைய டீ நிறத்துக்கு வந்துவிட்டது. அதைத் தேய்த்தேன், கொஞ்சம் தெளிந்தது. அது போதாது. கூடுதல் விளக்கு போட வேண்டும் என்று நான் நினைத்ததை அப்பாவே சொன்னார். பழைய வண்டி உடைக்கும் கஸ்ஸிடம் போனோம்.

கஸ் இரண்டு ஜோடி காட்டினான். ஒன்று, லாரியிலிருந்து கழற்றிய வட்ட விளக்கு, சாப்பாட்டுத் தட்டு அளவு, தூரத்துக்கு அடிப்பது. இன்னொன்று, சப்பையான மஞ்சள் விளக்கு, செங்கல் அளவு, ஒன்றின் தாங்கி துருப்பிடித்தது.

“எது வேணும் ஃபான்ஸ் அண்ணே? ஒண்ணு மூஸைக் காட்டும். இன்னொண்ணு உங்க செருப்பைக் காட்டும்.”

“செருப்பை நான் குனிஞ்சு பாத்துக்கறேன். பெரிசைக் கொடு” என்றார் அப்பா.

எனக்கு மஞ்சள்மேல்தான் கண். பனிக்கு எது என்று கேட்க நினைத்தேன். வாய் வரை வந்தது. பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னாலும் இப்படித்தான், வார்த்தை வெளியே வராது. போன வருடம் பள்ளியை விட்டு நின்றது அதனால்தான். அப்பாவைப் பார்த்துக்கொள்ள என்று வெளியே சொல்லிக்கொண்டோம்.

வீட்டில் அடைத்த மூஸ் இறைச்சி இரண்டு போத்தல் கொடுத்து வட்ட விளக்கை வாங்கினோம்.

செப்டம்பர் 14

மாட்டியாயிற்று. பம்பரில் என்று நான் தாங்கியை வைத்துக் காட்டினேன். அப்பா சிரித்தார். “படகுல விளக்கை எங்க வைப்பாங்க? அடியிலயா? மேல, சுக்கான் பிடிக்கற வீல்ஹவுஸ் தலையில. உசரத்துல இருந்தாத்தான் விளக்கு.”

கூரையில் குறுக்கே ஒரு மரச்சட்டம். படகுக்கு அடித்ததில் மிஞ்சிய பச்சை பெயின்ட். அதில் இரண்டு தட்டு விளக்குகள். படகு அறையிலிருந்து உருவி வைத்திருந்த ஒல்லி வயரைக் கதவிடுக்கு வழியாக உள்ளே இழுத்து, நேராக ஸ்விட்ச்சில் கொடுத்தோம். அப்பா போர்வை சுற்றி நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட, நான் ஏறி இறங்கினேன்.

பக்கத்து வீட்டு டென், கதவைத் தட்டாமல் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைவதுபோல எங்கள் முற்றத்துக்குள்ளும் வந்தார். “என்ன ஃபான்ஸ், கணவாய் மீன் பிடிக்கப் போறீங்களா? நங்கூரம் எங்க?”

“உன் கழுத்துல கட்டி வெச்சிருக்கேன், போடா.”

இருட்டியதும் போட்டுப் பார்த்தோம். குடாவுக்கு அந்தப்புறம் தீவில் இருக்கும் ஆட்டுக் கொட்டகை வரை வெளிச்சம். அப்பா எழுந்து நின்றார். படகை விற்ற பிறகு அவரை இவ்வளவு உயரமாக நான் பார்த்ததில்லை.

இதை எப்படி வேண்டாம் என்று சொல்வது?

செப்டம்பர் 15, வியாழன்

வானம் தெளிவு. மூஸ் ஒன்று மிகத் தூரத்திலேயே தெரிந்தது. ஆறரைக்கே ஆஸ்பத்திரி. அப்பா நர்ஸிடம் விளக்கைப் பற்றியே பேசினார். நான்தான் தப்பாக நினைத்திருக்கிறேன் போல.

செப்டம்பர் 17

தெளிவு. சீக்கிரம் போனோம்.

செப்டம்பர் 20, செவ்வாய்

வந்ததும் முதலில் இதை எழுதுகிறேன்.

பொட்டலில் பாதி தூரம் போனபோது பனி. சுவர் மாதிரி. தலைக்கு மேலிருந்து விழுந்த வெளிச்சம் பனியில் பட்டு அப்படியே எங்கள் கண்ணுக்குத் திரும்பி வந்தது. பாலுக்குள் முக்கினாற்போல. காரின் பானெட் பளபளவென்று தெரிகிறது, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. அணைக்கப் போனேன்.

“அணைக்காதே! பனியில எவனாவது விளக்கை அணைப்பானா? எதிர்ல வர்றவன் நம்மைப் பாக்க வேணாமா?”

கடலில் அது சரி. கடலில் விளக்கு மற்றவர்கள் நம்மைப் பார்க்க. இங்கே நான் பார்க்க வேண்டுமே! நான்தானே பார்க்கணும்! — இதைச் சொல்லவில்லை. அணைக்கவும் இல்லை. சக்கரத்துக்கடியில் சரளைக்கல் சத்தம் கேட்டது. கார் வலதுபக்கம் சாய்ந்தது. அதே நேரம் ரப்பர் கருகும் வாடை. நிறுத்தினேன். ஸ்விட்ச் தொட முடியாத சூடு. வயரைப் பிடுங்கினேன்.

டார்ச் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கண் உயரத்தில் பிடித்தால் வெறும் வெள்ளை. கையைத் தொங்கவிட்டபோது முழங்காலுக்குக் கீழே சாலை தெரிந்தது. கல், கோடு, விளிம்பு எல்லாம். மறுபடி தூக்கினேன் — வெள்ளை. இறக்கினேன் — சாலை. விளிம்புக்கு அப்பால் இரண்டு எட்டில் குளம். முன்சக்கரம் அதன் சரிவில் நின்றிருந்தது.

பின்னால் எடுத்து நிறுத்தி, விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். ஒன்றேகால் மணி நேரம் தாமதம்.

செப்டம்பர் 21

மெஷின் எடுக்காத நீரில் அப்பாவின் கால் வீங்கிவிட்டது. சாக்ஸ் ஏறவில்லை.

செப்டம்பர் 22

தெளிவு. போய் வந்தோம். கூரை விளக்கைப் போடவில்லை. வேறு வயர் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் அப்பா. தப்பு வயரில் மட்டும் இல்லை. அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 23, வெள்ளி

தனியாகக் கஸ்ஸிடம் போனேன். “மஞ்சள் விளக்கு இருக்கா?”

“என்னது?”

“மஞ்சள் விளக்கு.”

“காத்துல எதுவோ பேசிச்சே” என்று காதில் கைவைத்துத் தேடினான். மூன்றாவது முறை கத்தியே சொன்னேன். “அடேயப்பா! உனக்குள்ள ஹார்ன் இருக்கறது தெரியாமப் போச்சே!” என்று சிரித்தான். ஆனால் துருப்பிடித்த தாங்கிக்குப் பதில் நல்லதாக ஒன்று தேடிக் கொடுத்தான். அவன் பேட்டரியில் கொடுத்துச் சுவரில் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் அகலமாக, படுக்கையாக விழுந்தது. அதன் மேல்விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல நேராக இருந்தது. அதற்கு மேலே இருட்டு. எனக்கு வேண்டியது அந்த இருட்டுதான்.

ஸ்விட்ச் சூடாகாமல் இருக்க ரிலேவும், ஃபியூஸும், தடித்த வயரும் வாங்கினேன்.

செப்டம்பர் 25, ஞாயிறு

உப்புக்கறியும் முட்டைக்கோஸும் வேகவைத்துச் சாப்பிட்டோம். அப்பாவுக்கு உப்பு ஆகாது, அவருக்குத் தனியாக. சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

“அப்பா, மேல இருக்கறதைக் கழட்டப் போறேன். கீழ வேற போடறேன்.”

“யார் சொன்னா?”

“நான்தான்.”

“முப்பது வருஷம் இந்தப் பனியில படகை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்.”

“தெரியும்பா. ஆனா இது ரோடு.”

அவர் முள்கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. “அதைக் கழட்டினா நான் அந்த வண்டியில ஏற மாட்டேன்.”

ஏறாவிட்டால்? மெஷின் இல்லாமல் எத்தனை நாள்? அக்காவைக் கூப்பிட்டுவிட்டால்? அழுகை வந்தது. அழுதுகொண்டே ஏணியை எடுத்துப்போய்க் கழற்றினேன். ஜன்னல் திரை அசைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மஞ்சளைப் பம்பருக்கு அடியில், முழங்காலுக்கும் கீழே வைத்தேன். காரின் ஹார்னுக்கு ரிலே எப்படி இணைத்திருக்கிறது என்று பார்த்து அதேபோல இணைத்தேன். பேட்டரியிலிருந்து தடித்த வயர், ஃபியூஸ், ரிலே, விளக்கு. ஸ்விட்ச்சுக்கு ஒல்லி வயர் மட்டும். வலது எரிந்தது, இடது எரியவில்லை. அரை மணி நேரம் தேடினேன். எர்த் வயரைப் பெயின்ட்மேலேயே முறுக்கியிருந்தேன். சுரண்டி இரும்பைப் பிடித்ததும் எரிந்தது. அந்தியில் மீன் கொட்டகைச் சுவரில் அடித்து, வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கைவிடக் கொஞ்சம் கீழே விழும்படி இறுக்கினேன்.

அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

செப்டம்பர் 27, செவ்வாய்

ஐந்து மணி. எஞ்சினைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. வீட்டில் விளக்கும் எரியவில்லை. இறங்கிப் போய்க் கெஞ்சலாமா? கூரை விளக்கைத் திரும்ப மாட்டுகிறேன் என்று சொல்லிவிடலாமா? கதவில் கையை வைத்தேன். பிறகு எடுத்தேன்.

ஐந்தேகாலுக்கு வந்தார். பின் இருக்கையில் ஏறினார். வானமோ, வேண்டுமென்றே, கண்ணாடி மாதிரி.

செப்டம்பர் 29, வியாழன்

பனி. போன தடவையைவிடக் கெட்டி.

ஹெட்லைட்டைத் தாழ்த்தி மஞ்சளைப் போட்டேன். பனி மேலேயே நின்றுகொண்டது. அதற்கடியில் சாலை ஒரு பாய் விரித்தாற்போலத் தெரிந்தது. வலப்பக்கம் சரளை, இடப்பக்கம் கோடு. நாற்பத்தைந்தில் போக முடிந்தது. பின்னால் அப்பா மூச்சுவிடும் சத்தம் மட்டும்.

வளைவு தாண்டியதும் சாலையில் நான்கு கம்பு நின்றது. ஒல்லியாக, ஈரமாக. மேலே எதுவும் இல்லை, வெறும் பனி. வேலிக்கம்பை யார் சாலையில் நட்டார்கள் என்று நினைத்தபோதே என் கால் பிரேக்கில் இருந்தது. கார் நேராக நின்றது.

“என்ன, என்ன?” என்றார் அப்பா.

“கால்” என்றேன்.

ஒரு கம்பு மடங்கியது. பிறகு இன்னொன்று. நான்கும் ஒவ்வொன்றாகச் சாலையைக் கடந்து போயின. உடம்பை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை.

காரைக் கிளப்பிய பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது. “இடது விளக்கு ஒரு நூல் இறங்கியிருக்கு. வீட்டுக்குப் போய்ச் சரிபண்ணு.”

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அக்டோபர் 1

இடது விளக்கு உண்மையிலேயே இறங்கித்தான் இருந்தது. பனி. நேரத்துக்குப் போனோம்.

அக்டோபர் 8, சனி

அக்கா வந்துவிட்டாள், புதுக் காரில், வான்கோழியோடும் காலிப் பெட்டியோடும். பெட்டியை அப்பாவின் கட்டிலில் திறந்து வைத்து, அவருடைய சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அக்டோபர் 9

மேஜையில் சண்டை.

“ரோட்டைப் பாத்து முடிவு பண்றேன்னு சொன்னே. பாத்தியா?” என்றார் அப்பா.

“நேத்து வெயில்ல வந்தேன். வெயில்ல யாரு வேணும்னாலும் ஓட்டலாம். இந்தக் குட்டிக்குப் பதினேழு வயசு. கேட்டா பதில்கூட வராது!”

“கேளு” என்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். “கேளு அக்கா, சொல்றேன்.”

அவள் கேட்கவில்லை. வான்கோழியை அறுக்கத் தொடங்கினாள்.

அக்டோபர் 10, திங்கள்

காலையில் எழுந்தால் குடாவே இல்லை. டென்னின் வீடும் இல்லை. அக்கா காபிக் கோப்பையோடு வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். மதியத்துக்குள் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு முறை காரைக் கிளப்பினாள், இரண்டு முறையும் கேட் வரை போய்த் திரும்பினாள். அவள் காரில் விளக்குக்குக் குறைச்சல் இல்லை, எல்லாம் நீல வெள்ளை, பனிச்சுவரைத்தான் வெள்ளையடித்தது.

மூன்றாவது முறை இறங்கி வந்து என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “நீ முன்னால போறியா? பொட்டல் தாண்டற வரைக்கும். நான் உன் பின் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு வரேன்.”

“சரி” என்றேன். “ரொம்ப ஒட்டி வராதே. நான் பிரேக் போட்டா உனக்கு இடம் வேணும்.”

“சரி” என்றாள். என் அக்கா என்னிடம் சரி என்றாள்.

அப்பா யார் காரில் ஏறுவது என்று யாரும் கேட்கவில்லை. அவர் தொப்பியை வைத்துக்கொண்டு வந்து என் காரின் முன்கதவைத் திறந்தார். பெட்டி கட்டிலிலேயே கிடந்தது.

எண்பது கிலோமீட்டரும் பக்கக் கண்ணாடியில் இரண்டு வெளிச்சம், ஒரே தூரத்தில். நான் மெதுவானால் மெதுவாகி, நான் போனால் வந்தது. நெடுஞ்சாலை சேரும் இடத்தில் பனி விட்டது. ஓரமாக நின்றேன். அக்கா பக்கத்தில் வந்து ஜன்னலை இறக்கினாள். முகம் வெளுத்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், சொல்ல வரவில்லை. அவளுக்கும் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது.

“கிறிஸ்துமஸுக்கு வா” என்றேன் நான்.

அக்டோபர் 11, செவ்வாய்

பனி. ஐந்து மணிக்குக் கிளம்பினோம், அப்பாவும் நானும்.