வாங்காத துவக்கின் உறை

அக்கா,

இன்று காலை மழைக்குள் நின்று ஷட்டர் பூட்டுக்குத் திறப்புக் கோர்வையை எடுத்தபோது அதன் உறையின் தோல் மணம் வந்தது. நனைந்தால்தான் அது மணக்கும். காய்ந்திருக்கும்போது வெறும் கறுப்பு உறை, ஒரு கையளவு, வாயில் ஒரு பித்தளைப் பொத்தான். பார்க்கிறவர்கள் மூக்குக்கண்ணாடி உறையா என்று கேட்பார்கள். நானும் ஓம் என்று சொல்லிவிடுவேன். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை நடத்துகிறவள் ரிவால்வர் உறைக்குள் திறப்பு வைத்திருக்கிறாள் என்று சொன்னால், அந்தக் கதை பஸ் ஏறி ஸ்ட்ரெதம் போய்ச் சேர்வதற்குள் நான் இரண்டு பேரைச் சுட்டவள் ஆகிவிடுவேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், உங்கள் கடையில் வேலைக்கு நின்றவள், மடல் எழுதுகிறேன். நீங்கள் இருந்தால், "சாமான் லிஸ்ட் எழுதவே உனக்கு அரைநாள் வேணும்" என்பீர்கள். பரவாயில்லை, காலையில் கடையில் சனம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை உங்களுடைய முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி. நேற்று உங்கள் மகள் ஒரு பெரிய சுருளைக் கொண்டுவந்து தந்தாள். விரித்துப் பார்த்தால் நீங்கள். பட்டுச் சேலை, பொட்டு, அரை ஆள் உயரம், கீழே மண்டபத்து முகவரி. கடையின் முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டுமாம். இன்று பத்து மணிக்குப் பசையோடு தானே வருகிறாளாம். அழுத கண்ணோடு கேட்கிறவளுக்கு என்ன சொல்வது? அந்தக் கண்ணாடிக் கதை அவளுக்கு முழுதாகத் தெரியாது. தெரிந்தவர்கள் நாமிருவர். அதில் ஒருவர் இப்போது சுருளுக்குள் இருக்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் பல் பிடுங்கப் போயிருந்தேன். உயரமான ஒருவன் உள்ளே வந்து நெய்ப் போத்தலைக் காட்டிக் கேட்டான். அந்த நாளில் நெய் மேல்தட்டில். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு ஏணியில் ஏறினீர்கள். போத்தலோடு திரும்பினால் கத்தி. பத்து நிமிடம் உள்ளே நின்று, அவசரமில்லாமல் ஆறுதலாக மேசை லாச்சிக் காசை எல்லாம் எடுத்துக்கொண்டு போனான். வாசலுக்கு நேரே பஸ் தரிப்பு, அதில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நம்முடைய முன்கண்ணாடியில் தேர்த்திருவிழா, அதற்குப் பக்கத்தில் அரங்கேற்றம், அதற்கு மேல் மரண அறிவித்தல், அதன் மூலையில் வீணை வகுப்பு. ஊசி போக இடமில்லை. சாமி படத்தைக் கிழிக்கக்கூடாது, செத்தவர் முகத்தைக் கிழிக்கக்கூடாது என்று வருடக்கணக்காக ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டவிட்டோம். வெளிச்சம் உள்ளே வராமல் பகலிலும் லைட் போட்டு வைத்திருந்தோம், அதையும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

நான் விறைத்த வாயோடு வந்தபோது நீங்கள் அரிசி மூட்டையில் இருந்தீர்கள், நெய்ப் போத்தலை மடியில் வைத்தபடி. என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "பல்லுப் பிடுங்கியாச்சோ?"

அதன்பிறகு நீங்கள் முன்மேசைக்கு வரவில்லை. பின்னறையில் இருந்து பருப்புப் பொதி கட்டினீர்கள். கதவு மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் கை நிற்கும். கடையை வாங்க ஆள் வந்து, நீட்டி மடக்கும் நாடாவால் அளந்துகொண்டு போனான். "வித்துப்போட்டு என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டேன். "வீட்டில இருந்து சுவரைப் பாக்கப் போறன்" என்றீர்கள். நான் எத்தனை பகிடி விட்டும் அந்த ஆறு வாரமும் உங்கள் முகத்தில் ஒரு கீறல் சிரிப்பு இல்லை. கடை கைவிட்டுப் போவதை விட, நீங்களே போய்விடுவீர்களோ என்றுதான் எனக்குப் பயம்.

அந்தப் பயத்தில்தான் உங்கள் தம்பி வீட்டுக் கலியாணத்துக்கு அமெரிக்காவுக்கு, ஹூஸ்டனுக்கு, நானும் கூட வந்தேன். அங்கே தம்பி சொன்ன மருந்து, துவக்கு.

"அக்கா, இஞ்ச பெட்டையளே கைப்பைக்குள்ள வைச்சிருக்கினம். சின்னச் சாமான். வந்து பாருங்கோவன்."

நீங்கள் மாட்டேன் என்பீர்கள் என்று நினைத்தேன். "நாளைக்குக் காலமை போவம்" என்றீர்கள்.

அந்தக் கடை எனக்கு நகைக்கடை மாதிரித்தான் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டி, வெல்வெட் துணி, வரிசையாக ரிவால்வர்கள். விற்கிறவள் எழுபது வயது வெள்ளைக்காரி, உதட்டில் சிவப்புச் சாயம். நீங்கள் தாலிக்கொடி எடுக்க வந்தவர் மாதிரி விரலை நீட்டினீர்கள். "உதை எடுங்கோ. உதில்லை, பக்கத்தில." தம்பி இங்கிலீசில் சொல்வதற்குள் அவள் எடுத்துவிட்டாள். கடைக்காரிக்குக் கடைக்காரியின் விரல் போகும் இடம் தெரியும்தானே.

ஒவ்வொன்றையும் திறந்து வெறுமையாக இருப்பதைக் காட்டி, சுடுகிற நேரம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று சொல்லி, பிறகுதான் கையில் தந்தாள். இலேசானது சுடும்போது கையை உதைக்கும். பாரமானது உதைக்காது, ஆனால் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். பின்னால் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது பைக்குள் துணியில் கொளுவும், ஆனபடியால் அது உள்ளே மறைந்திருப்பதுதான் பைக்கு நல்லது. நீங்கள் மணிக்கட்டால் தூக்கித் தூக்கி நிறை பார்த்தீர்கள். விசையை இழுத்துப் பார்த்தபோது, இருபது வருடம் அரிசி மூட்டை தூக்கி உளைவெடுத்த விரல் பாதி வழியில் நின்றுவிட்டது.

"அஞ்சு குண்டுதானாமே. அஞ்சு காணுமோ?" என்று என்னைக் கேட்டீர்கள்.

"ஒரு கள்ளனுக்கு எத்தினை வேணும் அக்கா? மிச்சத்தை அடுத்த வாடிக்கையாளருக்கு வைச்சிருங்கோ."

"வாயை மூடடி."

பிறகு அந்த அம்மா நீல நிறப் பிளாஸ்டிக் துவக்கு ஒன்றை உங்கள் கைப்பைக்குள் வைத்து, வாசலில் கள்ளன் வருகிறான், எடுங்கள் பார்ப்போம் என்றாள். கள்ளன் வேலை எனக்கு. லேஞ்சியை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் பைக்குள் கையை விட்டீர்கள். வந்தது திருநீற்றுச் சரை. அடுத்தது மடித்த பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை. பிறகு குத்தூசி, பனடோல், கலியாணவீட்டு வெற்றிலை. நான் வெளியே போய் இரண்டாம் தரமும் வந்தேன். "அக்கா, அவசரமில்லை, நான் நாளைக்கு வரட்டோ?" என்றேன். அந்த ஆறு வாரத்தில் முதல் தடவையாக நீங்கள் சிரித்தீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தீர்கள். அந்த அம்மாவும் சிரித்தாள். தம்பிதான் வெட்கப்பட்டான்.

சிரிப்பு அடங்கியபிறகு உண்மையான ரிவால்வரை உள்ளங்கையில் வைத்து, பிடியைப் பெருவிரலால் தடவினீர்கள். பிறகு எனக்கு மட்டும் கேட்கச் சொன்னீர்கள்: "ஊரில சண்டைக்காலத்தில உதின்ர வாயை எத்தினை தரம் பாத்திட்டன். பிடியை இண்டைக்குத்தானடி பாக்கிறன்."



ஆனாலும் நீங்கள் விடவில்லை. கட்டித் தரச் சொன்னீர்கள். லண்டனுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று தம்பி கேட்க, "கடையில சாராயம் விக்கக் கவுன்சில் லைசென்ஸ் தந்தவங்கள்தானே. உதுக்கும் ஒரு போம் நிரப்பினால் தருவாங்கள்" என்றீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "பயத்தம் பணியாரப் பெட்டிக்கு நடுவில வைச்சால் ஒரு நாயும் மோந்து பிடிக்காது" என்றேன். நீங்கள் அதை உண்மையாகவே யோசித்தீர்கள். கருவாட்டை ஐந்து சேலையில் சுற்றிக் கொண்டுவந்து பழகிய சனம் நாங்கள்.

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, சத்தம் போடாதேங்கோ. ஹீத்ரோவில பிடிச்சால் வருசக்கணக்கா உள்ளுக்குத்தான்."

லண்டன் என்ற சொல் காதில் விழுந்ததுமே அந்த அம்மா ரிவால்வரை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். வெளிநாட்டுக்காரிக்குத் தான் விற்க முடியாது, உங்கள் நாட்டில் வைத்திருக்கவும் முடியாது என்றாள். உங்கள் முகம் இருண்டுபோனதைக் கண்டுதான் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள். துவக்கு கடைசிச் சாமான், அதற்கு முதல் இரண்டு கேள்வி இருக்கிறது என்றாள். நீங்கள் நிற்கிற இடத்தில் இருந்து வாசல் தெரியுமா? வெளியில் நிற்கிறவர்களுக்கு உங்களைத் தெரியுமா?

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன்.

"கண்ணாடியில சாமிப் படம் ஒட்டியிருக்கு" என்றீர்கள் தமிழில். தம்பி அதை இங்கிலீசில் சொல்லவே இல்லை.

எழும்பும்போது இந்த உறையை வாங்கினீர்கள். இன்னொருவரின் கடைக்குள் போனால் வெறுங்கையோடு வெளியே வரக்கூடாது என்பது உங்கள் வழக்கம், அது துவக்குக் கடையாக இருந்தாலும்.

உங்கள் மகளின் கார் வந்து நிற்கிறது. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

பின்னேரம் ஆகிவிட்டது அக்கா. தேத்தண்ணி ஊற்றிவைத்து இருக்கிறேன்.

லண்டனுக்கு வந்த மறுநாள் நாமிருவரும் சுடுதண்ணி வாளியோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றதை எழுத வேண்டும். நான் சுரண்டியை வைத்ததும் கையைப் பிடித்தீர்கள். "கிழிக்காதே. ஊறவிட்டு உரி." சாமிகளையும் செத்தவர்களையும் முகம் கிழியாமல் ஒவ்வொன்றாக உரித்து, துணியில் காயவைத்து, அடுக்கிக் கட்டினோம். தேருக்குக் கீழே இன்னொரு தேர், அதற்கும் கீழே நான் வேலைக்கு வந்த வருடத்துத் தேர். மூன்று மணிக்கு வெயில் மிளகாய்த்தூள் தட்டுவரை வந்து விழுந்தது. தரிப்பில் தினமும் நிற்கிற ஜமேக்கா அம்மா உள்ளே வந்து, இது கடையா, நான் இத்தனை வருடமும் கோயில் அலுவலகம் என்று நினைத்தேன் என்றாள். ஒரு கட்டு வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு போனாள்.

நெய் கீழே வந்தது. மேசை வாசலைப் பார்த்துத் திரும்பியது. அளந்துகொண்டு போனவனுக்கு நீங்களே போன் எடுத்து வரவேண்டாம் என்றீர்கள். அடுத்த திருவிழாவுக்குக் கோயில்காரர் ஒருவர் பசையோடு வந்தபோது, உள்ளே பின்சுவரில் புதிதாக அடித்த அறிவித்தல் பலகையைக் காட்டினீர்கள். "சாமியைப் பின்னுக்கு விடுறியள்" என்று அவர் கோபித்தார்.

"சாமிக்கு என்னை எப்பிடியும் தெரியும் தம்பி. பஸ்சுக்கு நிக்கிற சனத்துக்கும் தெரிய வேணும்."

பிறகு அந்தத் தொப்பிக்காரன் வந்த நாள். ஒரு கை பொக்கற்றுக்குள், கண் நாலு பக்கமும் ஓடியது. நான் பின்னறை வாசலில் நின்றேன். நீங்கள் அவனுடைய முகத்தை நேரே பார்த்து, "ஹலோ டார்லிங், என்ன வேணும்?" என்று உங்கள் கடை இங்கிலீசில் கேட்டீர்கள். அவன் உங்களைப் பார்த்தான், கண்ணாடிக்கு அப்பால் நின்ற சனத்தைப் பார்த்தான், சுவிங்கம் ஒன்று வாங்கிக்கொண்டு போனான். கத்தியோடு வந்தவனா, சுவிங்கத்துக்கு வந்தவனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கதவு சாத்தியபிறகு நீங்கள் கேட்டதுதான் நினைவில் நிற்கிறது: "உந்த மேசை லாச்சிக்குள்ள அந்தத் துவக்கு இருந்திருந்தால், நான் அவனை ஆரெண்டு நினைச்சிருப்பன்?"

ஆஸ்பத்திரியில் இந்த உறையை என் கையில் வைத்தபோதும் நீங்கள் அழவிடவில்லை. "திறப்பு உன்னட்டை. உறையும் உன்னட்டை. ஆரையும் சுட்டுப்போடாதே."

மகளிடம் மாட்டேன் என்று சொன்னேன் அக்கா. பசை வாளியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "அம்மா கட்டின கடையில அம்மாவின்ர முகத்துக்கு இடமில்லையோ அன்ரி?" அந்தக் கேள்வி குத்தியது. அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பஸ் தரிப்பில் நிறுத்தினேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

"உள்ளுக்கு என்ன தெரியுது?"

"மேசை. நீங்கள் நிக்கிற இடம்."

"அம்மா நிண்ட இடம். பத்து நிமிசம் கத்திக்கு முன்னால நிண்டும், இஞ்ச நிண்ட ஒருத்தருக்கும் அவவைத் தெரியேல்லை. பிறகு அவ தன்ர கையால உரிச்ச கண்ணாடி இது."

 கத்தி வந்தது அவளுக்குத் தெரியும். பத்து நிமிடம் என்று நீங்கள் அவளிடம் சொன்னதில்லை. ஒரு பஸ் வந்து, சனத்தை ஏற்றிக்கொண்டு போனது. பிறகு வாளியை மூடிக் காருக்குள் வைத்துவிட்டு வந்து, உள்சுவரில் அடிக்க ஆணி இருக்கிறதா என்று கேட்டாள்.

இப்போது மேசைக்குப் பின்னால், என் தலைக்கு மேலே இருக்கிறீர்கள். முதுகு சுவருக்கு, முகம் வாசலுக்கு. வருகிற ஒவ்வொருவரையும் முதலில் பார்ப்பது நீங்கள்தான், ஹலோ சொல்வது மட்டும் நான். அரை மணிக்கு முன் ஜமேக்கா அம்மா தரிப்பில் நின்று கையைத் தூக்கினாள். எனக்கோ உங்களுக்கோ தெரியாது. இருவருக்குமாக நான் கையைத் தூக்கினேன்.

உறை ஹீட்டருக்கு மேல் காய்கிறது. காய்ந்தால் மணம் போய்விடும். அதனால் என்ன, லண்டன்தானே, நாளைக்குக் காலையும் ஷட்டர் திறக்கும்போது நனையும்.