ஆறாவது ஸ்க்ரூ

4-3-2001, ஞாயிறு

நேற்று காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பேனலுக்கு உயிர் கொடுத்தேன். மூன்று இன்ஜினியர்கள் தலையைச் சொறிந்துவிட்டுப் போன பேனல். (மூன்று இல்லை, ஒருவர்தான். அவரும் இன்ஜினியரா என்று தெரியாது. சட்டையை இன் பண்ணியிருந்தார்.) மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற காண்டாக்டர் எரிந்திருந்தது. புதிது போட்டேன், வெளிநாட்டுச் சரக்கு. பன்னிரண்டு ஸ்க்ரூ. அத்தனையையும் என் டெஸ்டர் ஒன்றாலேயே முடுக்கினேன். எட்டாவது ஃபெயிலான கைதான். ஆனால் ஹார்பரில் படுத்துக்கிடந்த கிரேனைத் தூக்கி நிறுத்திய கை.

அக்கா மகன் பிராங்கிளின் அங்கேதான் ஆபரேட்டர். பக்கத்தில் நின்று முனகிக்கொண்டே இருந்தான். போன கிறிஸ்துமஸுக்கு பர்மா பஜாரில் எனக்கு ஒரு பிட் செட் வாங்கித் தந்தான். நீல டப்பா, ஸ்க்ரூ டிரைவரில் மாட்டுகிற முப்பது பிட், ஒவ்வொன்றிலும் நம்பர். நான் இன்னும் பிரிக்கவே இல்லை.

"மாமா, இது நம்ம ஊரு ஸ்டார் இல்ல. நல்லா பாரு, கூட்டல் குறிக்கு நடுவால பூனை மீச மாரி சின்னக் கோடு கீது. அதுக்குன்னு தனி பிட்டு அந்த டப்பாவுல கீது. ஓடிப்போயி எடுத்துகினு வரட்டா?"

"அதெல்லாம் கத்துக்குட்டிக்கு மாப்ள. இந்த டெஸ்டரு என் பதினோராவது வெரலு. நான் முடுக்கினா நீ கண்ண மூடிகினு கை வெக்கலாம்."

சிரித்தான். கம்ப்ரசர் ஓடியது. ஃபோர்மேன் குணசேகரன் டீ வாங்கித் தந்தார், பன்னோடு.

8-3-2001, வியாழன்

ஐஸ் கம்பெனியிலிருந்து புகார் ஒன்றும் இல்லை. வராது.

15-3-2001, வியாழன்

பிராங்கிளின் ஆஸ்பத்திரியில்.

காலை பதினோரு மணிக்குப் பேனலில் கருகல் வாசனை வந்திருக்கிறது. கதவைத் திறந்திருக்கிறான். தீ முகத்துக்கு நேராக அடித்ததாம். வலது கை முழங்கை வரைக்கும், தாடை, கழுத்து. கண் தப்பியது. தப்பியது என்று டாக்டர் சொன்னார். என்னால் உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை. வராண்டாவிலேயே நின்றேன்.

16-3-2001, வெள்ளி

குணசேகரன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மெயினை அணைக்காமல் பேனலைத் திறந்தது ஆபரேட்டர் தப்பு என்று மேனேஜர் எழுதிவிட்டாராம். வைத்தியச் செலவு தர மாட்டார்களாம், வேலையும் போய்விடுமாம்.

"ஞானண்ணே, உங்க வேலையில ஒண்ணும் கொற இல்லியே?"

"நான் முடுக்கின எடத்துல எறும்பு பூராது."

வாய் முந்திக்கொண்டது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு சொல்லியிருப்பேனா?

19-3-2001, திங்கள்

என்னையே கூப்பிட்டார்கள், மறுபடி காண்டாக்டர் மாற்ற. மெயினை அணைத்துவிட்டு எரிந்ததைக் கழற்றினேன்.

எழுதுகிறேன். எழுதத்தான் வேண்டும்.

பன்னிரண்டு ஸ்க்ரூ என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். ஆறு. ஐந்து ஸ்க்ரூவின் தலை எலி கொறித்த மாதிரி இருந்தாலும் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆறாவது, கீழ் வரிசையில் வலது ஓரம். அந்தப் பக்கம்தான் கரிக்கட்டை. வயர் வெளியே வந்து தொங்கியது. ஸ்க்ரூ தலையில் கூட்டல் குறியே இல்லை, வெறும் வட்டக் குழி.

எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு டெஸ்டர் முனை இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை தலை மொட்டையாகிவிட்டது. வயரை விரலால் அசைத்தேன், கொஞ்சம் ஆடியது. பிராங்கிளின் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு ஸ்க்ரூ போட வேண்டும் என்றால் அவன் எதிரில் நீல டப்பாவைக் கேட்க வேண்டும். "ஆச்சு, போடு மெயின" என்றேன்.

இந்தத் தடவை டப்பாவைக் கொண்டுபோயிருந்தேன். புது காண்டாக்டரின் ஸ்க்ரூவில் சாதாரண ஸ்டார் பிட்டை வைத்தேன், உள்ளே ஆடியது. மீசைக்கோடு உள்ள பிட்டில் சின்ன நம்பரை வைத்தேன், அதுவும் ஆடியது. அதிலேயே இரண்டாம் நம்பரை வைத்தேன். கையை எடுத்தேன். ஸ்க்ரூ டிரைவர் விழவில்லை. ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு தானாகவே நின்றது. முப்பத்திரண்டு வருசத் தொழிலில் நான் அதைப் பார்த்ததில்லை.

எரிந்த காண்டாக்டரைப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டேன்.

"பழசு எங்கண்ணே?" என்றார் குணசேகரன்.

"அந்த சனியன தூக்கிக் கடாசிட்டேன்."

கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

20-3-2001, செவ்வாய்

சோறு போடும்போது என் பெண்டாட்டி வியாகுலம் கேட்டாள்: "இன்னா, இன்னிக்கு ஒண்ணும் அளக்கலியா?" இருபத்தாறு வருசமாக நான் அளப்பதைக் கேட்டுக்கொண்டே சோறு போட்டவள். ஒன்றும் இல்லை என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

25-3-2001, ஞாயிறு

பூசை முடிந்து நேராக ஆஸ்பத்திரி. இன்று உள்ளே போனேன். கை முழுக்கக் கட்டு. தாடையில் மஞ்சள் மருந்து. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"தப்பு என்னுதுதான் மாமா. கருகல் நாத்தம் வந்துச்சு. உள்ள மாமா போட்டதுதான, இன்னா ஆவப்போதுன்னு மெயின ஆஃப் பண்ணாம தொறந்துட்டேன். வேற எவன் போட்டிருந்தாலும் ஆஃப் பண்ணிட்டுத்தான் தொறந்திருப்பேன்."

கொண்டுபோன ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தேன். நாலும் உரித்துவிட்டேன். அவனுக்கு ஒரு சுளை ஊட்டக்கூடக் கை போகவில்லை.

29-3-2001, வியாழன்

பிராங்கிளின் பெண்டாட்டி ஜானட் வீட்டுக்கு வந்தாள். என் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் காலுக்கு ஒரு சாண் பின்னால் அந்தப் பை.

"மாமா, திங்கக்கெழம கரண்டு இன்ஸ்பெக்டர் வர்றாராம். பேனலு போட்டவருன்னு உங்களையும் கூப்பிடுவாங்களாம். பேனலு நல்லாத்தான் இருந்துச்சுன்னா எல்லாம் இவரு தலையில வுழும். நல்லா இல்லன்னா உங்க தலையில. நான் இன்னா கேக்க வந்தேன்னு எனக்கே தெரில மாமா."

நான் என்ன செய்தேன்? கிரேன் கதையைச் சொன்னேன். இன்ஸ்பெக்டரெல்லாம் எனக்குத் தூசு, ஹார்பரில் கிரேனைத் தூக்கி நிறுத்தியபோது எத்தனை ஆபீசர் கை குலுக்கினான் தெரியுமா என்றேன். அவள் டீயைத் தொடாமல் எழுந்து போனாள்.

கிரேனை நான் தூக்கி நிறுத்தவில்லை. அதன் கேபினில் ஒரு பல்பு மாற்றினேன்.

2-4-2001, திங்கள்

பையை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் இரண்டு தடவை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கலாமா என்று பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் சின்ன வயசு. ஒரு பக்கம் மேனேஜர், ஒரு பக்கம் குணசேகரன். ஜானட் வாசற்படி ஓரம் நின்றாள். நான் ஆரம்பித்தேன்: "சார், முப்பத்திரண்டு வருசமா இந்த பீச் லைன்ல நான் தொடாத பேனலு..."

"விஷயத்துக்கு வாங்க."

காண்டாக்டரை மேசைமேல் வைத்தேன். குணசேகரன் என்னைப் பார்த்தார். "கடாசிட்டேன்னீங்களே" என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்ஸ்பெக்டர் தன் பையிலிருந்து ஒரு டிரைவர் எடுத்து ஆறாவது ஸ்க்ரூவில் வைத்துத் திருப்பினார். வெறுமனே சுற்றியது. இன்னொரு முறை திருப்பினார்.

"எதால முடுக்கினீங்க?"

"டெஸ்டரால சார்."

"டெஸ்டர் எதுக்கு?"

"கரண்டு கீதான்னு பாக்க."

"வயர் ஆடினது தெரியுமா?"

"தெரியும்."

என் வாழ்க்கையில் இவ்வளவு குட்டையாகப் பதில் சொன்னதில்லை. லைசென்ஸ் புத்தகத்தைக் கேட்டார், கொடுத்தேன். அதிலிருக்கிற போட்டோவில் எனக்கு மீசை கறுப்பு. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டதை ஜானட்டிடமும் காட்டினார்கள். படித்து முடித்துவிட்டு அவள் என்னிடம் கேட்டது இதுதான்:

"ஆஸ்பத்திரியில ஆரஞ்சு உரிச்சிகினு குந்தியிருந்தீங்களே, அப்பவே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

13-4-2001, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதையில் ஜானட் நாலு வரிசை முன்னால் நடந்தாள். பதினாலு ஸ்தலமும் முடிந்தது. ஒரு தடவையும் திரும்பவில்லை.

6-5-2001, ஞாயிறு

கம்பெனி வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டது. பிராங்கிளினுக்கு வேலையும் உண்டு, ஆனால் கம்ப்ரசர் ரூமில் இல்லை. கேட்டில் உட்கார்ந்து ஐஸ் வண்டிக்கு டோக்கன் தருகிறான். இதெல்லாம் குணசேகரன் சொல்லித்தான் தெரியும். நான் கொருக்குப்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறேன். வயர் வாங்க வருகிறவன் சந்தேகம் கேட்டால் முதலாளியைக் கை காட்டுகிறேன்.

17-6-2001, ஞாயிறு

ஜானட் வந்தாள். வாசலிலேயே நின்றாள். "வூட்ல சுச்சு போர்டு பொறி அடிக்குது. வேற ஆள கூப்பிடலாம்னேன். அவருதான் உங்கள வரச் சொன்னாரு. நீல டப்பாவ எடுத்துகினு வரணுமாம்."

போனேன். பிராங்கிளினின் வலது கைத் தோல் இழுத்து மினுமினுவென்று இருக்கிறது. மூன்று விரல் மடங்குவதில்லை. வா என்று சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினான்.

நான் மெயினை அணைத்தேன். "அணைச்சிட்டேன் மாப்ள" என்றேன். அவன் எழுந்து போய் மெயினைத் தானே பார்த்தான். பிறகு என் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை இடது கையால் எடுத்து போர்டில் வைத்துப் பார்த்தான். அதன் விளக்கு எரியவில்லை. டெஸ்டரைத் திரும்ப என் பையில் போட்டான்.

"எந்த பிட்டு?" இரண்டரை மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"தெர்ல மாப்ள. வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

முதலாவது ஆடியது. இரண்டாவதும் ஆடியது. மூன்றாவதை வைத்துக் கையை எடுத்தேன், நின்றது. அவன் குனிந்து பார்த்தான். "ம்" என்றான்.

முடுக்கினேன். முடித்ததும் ஒவ்வொரு வயரையும் அவன் இடது கையால் இழுத்துப் பார்த்தான். எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும் வரைக்கும் நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மொத்தம் நாலு ஸ்க்ரூ. நாலுதான்.