அட்டையில் இல்லாத எண்

இன்று காலை சதுரங்கப்பட்டினத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கவாதம் வந்த பெரியவருக்குக் கைகால் பயிற்சி கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது அவர் மகள் வாசல்வரை வந்தாள். "அக்கா, உங்க நம்பர் குடுத்துட்டுப் போங்க. எங்க அண்ணி வூட்லயும் ஒருத்தரப் பாக்கணும்." பையிலிருந்து அந்தக் கறுப்பு அட்டையை எடுத்து அவள் போனின் முதுகில் வைத்தேன். மெல்லிதாக ஒரு சத்தம். திரையில் என் முகம் திறந்தது. மாமல்லபுரம் கடற்கரையில், காற்றில் முடி பறக்க, நீ எடுத்த படம். "ஐய, இன்னாக்கா இது, வித்தை மாரி கீது!" என்று அவள் சிரித்தாள். தெருவுக்கு வந்தும் வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் நின்றேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

உன் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து அறுவை முடித்து வந்திருந்தபோதுதான் கல்பாக்கம் குடியிருப்பில் உங்கள் வீட்டுக்கு முதலில் வந்தேன். மருந்துக்கடைச் சீட்டின் பின்பக்கம் என் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். அதை நீ துணியோடு சேர்த்துத் துவைத்துவிட்டாய். மூன்றாம் நாள் எப்படியோ என்னைப் பிடித்து வரவழைத்து, கதவைத் திறந்ததும் சண்டைக்கு வந்தாய்.

"ரெண்டு நாளா உன்னத் தேடுதேன் ஏட்டி. அம்மா வலில கத்துதா. ஒரு கார்டு வச்சிருந்தா என்ன?"

"கார்டு குடுத்தா மட்டும் துவைக்க மாட்டியா இன்னா?"

நீ முறைத்தாய். பிறகு நாம் இருவரும் சிரித்ததில் உள்ளறையிலிருந்து அம்மாவும் சிரித்தார். திருநெல்வேலித் தமிழும் அச்சரப்பாக்கத்துத் தமிழும் அன்றைக்குத்தான் சேர்ந்தன.

டிஜிட்டல் விசிட்டிங் கார்டு செய்து தரும் நிறுவனத்தில்தான் உனக்கு வேலை. வெளியே விடுவதற்கு முன் எது எங்கே உடைகிறது என்று சோதித்துப் பார்ப்பது உன் பொறுப்பு. அடுத்த வாரமே என் பெயர் போட்ட அட்டையை நீட்டினாய். திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இதுக்கு பேட்டரி எங்க கீது?"

"பேட்டரியே கெடையாது. உள்ள நகத்தளவு ஒரு சிப்பு. போனு பக்கத்துல வந்தா அதுலேர்ந்தே கொஞ்சம் கரண்டு எடுத்துக்கிடும்."

"அப்போ என் நம்பரு அந்த சிப்புல கீதா?"

"இல்ல. அதுல ஒரு லிங்க் மட்டுந்தான். உன் நம்பர், போட்டோ, எந்தெந்த ஊருக்கு வருவ, எல்லாம் எங்க சர்வர்ல ஒரு பக்கமா இருக்கு. கார்டு அந்தப் பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போவும், அவ்வளவுதான்."

நம்பர் இல்லாத அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குள் ஒரு சலிப்பு. நீ கண்டுகொள்ளவில்லை. அதே பக்கத்துக்குப் போகும் கியூஆர் படத்தைச் சின்னச் சின்ன ஸ்டிக்கராக அடித்துக் கொடுத்தாய். மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம்வரை நான் போன வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவிலும் மருந்துப் பெட்டியிலும் அதை ஒட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் என் குடும்பம் உடைந்தது. ஊரார் வீடுகளுக்கெல்லாம் போய்வருவது என் கணவருக்குப் பிடிக்கவில்லை. வாய்ப்பேச்சு கைநீட்டலாக மாறிய அன்று மகளைக் கூட்டிக்கொண்டு அச்சரப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் போனில் சிக்னல் இல்லை. சிம் அவர் பெயரில் இருந்தது, அவர் நிறுத்திவிட்டார். அத்தனை வருடம் எல்லோருக்கும் கொடுத்த எண் அது. என் பிழைப்பே அந்த எண்ணில்தான் இருந்தது. அம்மாவின் போனில் உன்னைக் கூப்பிட்டேன்.

"இனிமே ஒருத்தரும் என்னைக் கூப்ட முடியாது. எல்லாம் போச்சு."

"ஒண்ணும் போவல. மொதல்ல அழுகைய நிறுத்து. ஆதார எடுத்துட்டுப் போயி உன் பேர்ல ஒரு சிம் வாங்கு. வாங்கிட்டுக் கூப்பிடு."

வாங்கினேன். புது எண்ணைச் சொன்னேன். நீ ஏதோ தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. "மாத்தியாச்சு. இனி யாரு ஸ்டிக்கர ஸ்கேன் பண்ணாலும் புது நம்பருதான் வரும்." அப்போதும் ஒளிக்காமல் சொன்னாய்: "போன்ல பழைய நம்பர சேவ் பண்ணவங்களுக்கு அது தானா மாறாது. ஆனா கூப்பிட்டுப் பாத்துட்டு எடுக்கலன்னா ஃபிரிட்ஜ்கிட்ட போவாங்கல்லா? பொறு."

மறுநாள் முழுக்க போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலை, மாமல்லபுரத்தில் மூட்டு மாற்று செய்துகொண்ட ஒரு டீச்சர். "ஏம்மா, உன் நம்பரு சுவிட்ச் ஆஃப்னே வருது. அப்புறம் உன் ஸ்டிக்கர்ல பாத்தேன். நாளைக்கு வருவல்ல?" வருவேன் என்று சொல்லி, அவர் பெயரை நோட்டில் முதல் ஆளாகக் குறித்துக்கொண்டேன். அந்த வாரத்துக்குள் முக்கால்வாசிப் பேர் திரும்ப வந்துவிட்டார்கள்.

பிறகு உனக்குத் தீராத நோய் வந்தது. சென்னை ஆஸ்பத்திரிக்கு வந்து உன் கால்களை நீவிவிடும்போது நீ என் வேலையைப் பற்றி மட்டுமே கேட்பாய். உன்னைப் பற்றிப் பேச விடவே இல்லை.

நீ போனபின் செங்கல்பட்டில் வாடகைக்கு ஓர் அறை பிடித்தேன், சின்னதாக ஒரு சிகிச்சை மையம். கார்டு திறக்கும் அந்தப் பக்கத்தில் புது விலாசத்தைச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் உறைத்தது: அந்தக் கணக்கு நீ தொடங்கியது, உன் மெயிலில். உன் பெயரோடு அதுவும் மூடிப்போனால் ஒட்டிய ஸ்டிக்கர் அத்தனையும் வெறும் காகிதம். துக்கத்தில் இருக்கும் உன் வீட்டுக்காரரிடம் இதைப் போய்க் கேட்பதா என்று ஒரு வாரம் கூசினேன். கடைசியில் கேட்டேன். "உன் மெயில பாரும்மா. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே உனக்கு ஏதோ அனுப்பினா" என்றார்.

மெயில் பார்க்கிற பழக்கம் எனக்கு ஏது? விளம்பரக் குப்பைக்கு நடுவில் அது திறக்காமல் கிடந்தது. கணக்கின் உரிமையை என் பெயருக்கு மாற்றியிருந்தாய். கீழே இரண்டு வரி: "ஏட்டி, இனி இது உன் பேர்ல. நானே நெனச்சாலும் உள்ள வர முடியாது."

எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. சிரிப்பதற்காகத்தான் எழுதியிருப்பாய். எனக்குச் சிரிக்க வரவில்லை.

இப்போது மையத்தில் என்னோடு இன்னொருத்தியும் வேலை செய்கிறாள், என்னைவிட ஐந்து வயது மூத்த நர்ஸ். அவளும் வீட்டோடு போராடி வந்தவள். போன வாரம் அவளுக்கும் ஒரு பக்கம் தொடங்க உட்கார்ந்தோம். "எனக்கு இன்னா தெரியும்? எல்லாத்தயும் உன் மெயில்லயே போட்டு நீயே வச்சிக்கோ" என்றாள். வேண்டாம் என்று சொல்லி, அவளுக்கென்று ஒரு மெயில் திறக்க வைத்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். கடவுச்சொல் கேட்கும் இடம் வந்தது. "இன்னா போடட்டும்?" என்று என்னைப் பார்த்தாள்.

"உனக்கு மட்டும் தெரியிற மாரி ஏதாவது போடு" என்று சொல்லிவிட்டு, அவள் தட்டி முடிக்கும்வரை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.