மல்லிகா, 'நாங்க' என்றே எழுதினாள் சத்யா

என் தங்கமே மல்லிகா,

நீ கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னுடைய முதலாண்டுக் கட்டுரை வகுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. யாரும் கொடுக்கவில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்போதெல்லாம் பக்கத்து அறையில் நான் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன். நீயோ பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, "யாருக்குச் சொல்லப் போற? அவங்கள நெனச்சிக்கினு பேசு, அப்புறம் எழுது" என்பாய். கல்வராயன் மலையில் உன் அம்மாவும் பெரியம்மாக்களும் ஒரே கதையை மாற்றி மாற்றிச் சொல்வார்களாமே, அங்கே கற்றது. "இது கட்டுரையா, ஊர்ப்பேச்சா?" என்று துறைத்தலைவர் கேட்டபோது, "ஊரு பேசாததயா சார் எழுதணும்?" என்று சிரித்தாய். அந்தத் துணிச்சல் உனக்கு எப்படி வந்தது?

சேதி கேள். போன வாரம் கல்லூரியில் பேச்சுப் போட்டி. தலைப்பு, மலைப்பகுதி முன்னேற்றம். உங்கள் மலைப் பெண் சத்யா எழுதிவந்ததில் 'நாங்க' என்ற இடமெல்லாம் 'அவர்கள்' என்று துறைத்தலைவர் திருத்திவிட்டார். என்னிடம் வந்து நின்றாள்.

"மேடம், அவர்கள்னா யாரு? நாங்கதான அது?"

"நீ எழுதினதயே பேசு" என்றேன். உள்ளுக்குள் பயம்தான்.

ரோடு இல்லாத ஊரிலிருந்து, பிரசவ வலியில் துடித்த தன் அம்மாவைப் பெண்கள் கம்பில் தூளி கட்டித் தூக்கிவந்த கதையை மேடையில் சொன்னாள். பாதியில் நிறுத்தி, தன் அம்மா இருந்த பக்கம் பார்த்தாள். பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து அவள் அம்மா எழுந்தார்.

"மீதிய நான் சொல்றேன் கண்ணு. தூளில படுத்துக்கினு வந்தவ நான்தான?"

மேடையேறி மைக்கைப் பிடித்தார். "மலைய எறங்கிக்கினு இருக்கசொல்லயே வலி ஜாஸ்தியாயிடுச்சி. பொம்பளைங்க பொடவைய மறப்பா புடிச்சாங்க. அங்கியே பொறந்தவதான் இவ" என்று மகளின் தோளில் கை போட்டார். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள், மல்லிகா.

இருவர் பேசியது விதிப்படி செல்லாது என்று பரிசு தரவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. சத்யா சிரித்தாள்: "பரவால்ல மேடம். எங்கம்மா மைக்க வுட்டாங்களா, பாத்தீங்களா!"

மறுநாள் துறைத்தலைவர் என் மேசைக்கு வந்து, "அந்தம்மா பேசினத யாராச்சும் எழுதி வெச்சீங்களா?" என்று மெல்லக் கேட்டார். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அடுத்த வருடம் போட்டியில் இருவர் சேர்ந்து பேசவும் இடம் வேண்டும் என்று போட்டி நடத்துபவர்களிடம் கேட்கப் போகிறேன். கொடுக்கும்வரை அவர்களை விடமாட்டேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
செல்வி