நாய்க்கு வைத்த வெங்காயச் சோறு

பிஸ்மில்லாஹ்.

அன்பு மகள் றஸ்னாவுக்கு, சம்மாந்துறையிலிருந்து உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன் என எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் குரல் பதிவைக் கேட்ட பிறகு எப்படி வரும்? உம்மா, மேடத்திட நாய் எழும்புதில்ல, பல்லு முரசு வெளுத்துக் கிடக்கு, நான் நஞ்சு வெச்ச எண்டு சொல்றா, நாய்க்கு என்ன மரக்கறி ஆகும் ஆகாது எண்டு ஆரிட்டயாவது கேளுங்க என்று அழுதாய். அதோடு உன் போன் நின்றுவிட்டது. பிடுங்கிவிட்டார்கள் என்று விளங்கிக்கொண்டேன். மாமி மகள் ஆகிலா நாளைக்கு துபாய்க்கு ஏறுகிறாள், உன் தெருவில்தான் அவளுக்கும் வீட்டு வேலை, அவள் கையில் இதைக் கொடுக்கிறேன்.

மிருக வைத்தியரிடம் போனேன். ஆட்டோடும் மாட்டோடும் நின்ற சனத்துக்குள் நான் வெறுங்கையோடு நின்றேன். மில்காரர் மசூர் ஹாஜியார் கண்டு, வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு, என்ன ஸம்ஸியா, ஒங்கட மகள் நாய்க்குச் சோறாக்கயா கடல் தாண்டிப் போன என்று எல்லாரும் கேட்கச் சிரித்தார். ஓம் ஹாஜியார், வேல கேட்டு வந்தவள ஒங்கட மில்லுல இருந்து திருப்பி அனுப்பின நீங்கதானே என்றேன். அதற்குப் பிறகு அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாய் என்ன தின்றது என்று வைத்தியர் கேட்டார். நீ முன்பு போனில் சொன்னதை வைத்து, மிஞ்சிய சோற்றை வெங்காயப் பொரியலோடு என் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள், பக்கத்தில் வந்து படுக்கிற நாய்க்கு அவள் அதில் பாதியைத் தினமும் வைத்திருக்கிறாள் என்றேன். அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார். வெங்காயம், உள்ளிப்பூண்டு, லீக்ஸ் மூன்றும் நாயின் இரத்தத்தைக் கெடுக்குமாம், சமைத்தாலும் அந்தக் குணம் போகாதாம், கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் ஆபத்தாம். தக்காளியின் காயும் இலையும் கூடாது, பச்சை உருளைக்கிழங்கும் கூடாது. கரட், போஞ்சி, பூசணி, வெள்ளரி கொடுக்கலாம், உப்பு, கறித்தூள், எண்ணெய் இல்லாமல், சின்னதாக வெட்டி. வெங்காயம் தின்றது என்று அங்குள்ள வைத்தியருக்கு உடனே தெரிந்தால் காப்பாற்ற வழியிருக்கிறது என்றார்.

ஆகவே சொல்லிவிடு மகள். மறைக்காதே. சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுவாய், அனுப்பட்டும், இங்கே உன் பாய் விரித்தபடிதான் கிடக்கிறது. வாய் மூடியிருந்து அது செத்தால் நஞ்சு வைத்தவள் என்ற பேர்தான் நிற்கும். அந்தச் சோறு அவர்கள் குசினியில் ஆக்கி, அவர்களே உனக்குத் தந்த சோறு என்பதையும் சேர்த்துச் சொல். நாயின் எச்சில் பட்டுவிட்டது என்று தொழுகையை விடாதே, எச்சில் பட்ட இடத்தைக் கழுவ அடுக்குமாடியில் மண்ணுக்கு எங்கே போவது என்று யோசிக்காதே, பூச்சட்டியில் ஒரு பிடி எடுத்துக் கரைத்து ஒரு தடவையும் வெறும் தண்ணீரில் ஆறு தடவையுமாக முறைப்படி ஏழு தடவை கழுவிக்கொள். வாப்பா மாவடிப்பள்ளி வயலில் நிற்கிறார், இடுப்பு வலி அப்படியே. உன் விசயம் கேட்டதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை.

நாய்க்குக் கரட் வெட்டும்போது உனக்கும் ஒன்று வெட்டிக்கொள். நாய் என்ன தின்றது என்று வைத்தியர் கேட்டார், அந்த மேடமும் கேட்கிறாள். நீ என்ன தின்கிறாய் என்று அங்கே ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்கிறேன். ஆகிலாவிடம் உண்மையைச் சொல், அவள் தன் போனில் எனக்குச் சொல்வாள்.

அல்லாஹ் உன் மானத்தையும் உயிரையும் காப்பானாக.

உன் உம்மா,
ஸம்ஸியா