தாடைக்குக் கீழே ஒரு கை

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நெப்ராஸ்காவில் பனி தொடங்கிவிட்டதா?

செவ்வாய்க்கிழமை பள்ளி லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். பயப்படாதே, கொஞ்ச நேரம்தான். என்னிடம் வாசிக்கப் பழகும் சிறுமி மார்னியும், காலில் மாவுக்கட்டோடு, கூட இருந்தாள். விளக்கு அணைந்துவிட்டது. அவள் அழாமலிருக்க வகுப்பில் செய்வதையே செய்தோம். தாடைக்குக் கீழே கையை வைத்து நீளமான சொல்லைச் சொல்ல வேண்டும். தாடை எத்தனை முறை கையில் இடிக்கிறதோ, சொல்லில் அத்தனை துண்டு.

"ஹிப்-போ-பாட்-ட-மஸ். அஞ்சு. இப்ப நீங்க, மிஸ்."

எனக்கு எந்தச் சொல்லும் வரவில்லை. இருட்டில் அவள் கை என் தாடையைத் தேடி வந்தது.

"நீங்க ஒண்ணுமே சொல்லல. தாடை மட்டும் இடிச்சுக்கிட்டே இருக்கு."

"குளிருது."

"பொய். பெரிய வார்த்தையா இருந்தா துண்டு துண்டா சொல்லுங்க. நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

சிகாகோவில் இந்த வேலை ஜூன் வரை. நடுவில் விட்டுவிட்டு வீட்டுக்கு வர முடியாது, ஒப்பந்தம். அப்பாவின் கம்பளிக் கையுறைகளை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் செய். நான் உடனே பேசாவிட்டால் வைத்துவிடாதே. பெரிய வார்த்தைதான், துண்டு துண்டாகச் சொல்லிவிடுவேன்.

மணி அடிக்கிறது, வகுப்புக்குப் போகிறேன்.

கோரா